நியூட்ரல்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
பதினேழு மாதமாய் நிற்கிறது:
நானூறு சீசீ, நாலு சிலிண்டர், நீலம்.
இருபத்தொரு இலட்சம் என்று எழுதி ஒட்டினேன்.
பதினெட்டானது. பிறகு பதினாறே முக்கால்.
இப்போது மட்டையில் விலையே இல்லை,
"கேட்டறியவும்" மட்டும்தான்.
அறிந்துகொண்டு போகிறார்கள்.

சனிக்கிழமை ரியூசன் விட்டதும் பெடியள் வருவார்கள்.
ஒருத்தன் ஏறிக் குனிவான்,
மற்றவன் படம் எடுப்பான்.
துரத்துவதில்லை.
விரல் அடையாளம் துடைக்கிற துணி
எப்போதும் என் தோளில்தான் கிடக்கிறது.

வங்கிக்காரர் ஒருவர் மூன்று தரம் வந்தார்.
முதல் தரம் தனியே, தாங்கியைத் தடவிவிட்டுப் போக.
அடுத்து மச்சானோடு.
கடைசியாய் மனிசியோடு.
அவ பின் சீற்றைப் பார்த்தா:
உள்ளங்கையளவு, அதுவும் ஆகாயத்தில்.
"இதில நான் எங்க இருக்கிறது,
பிள்ளையை எங்க வைக்கிறது,
காஸ் சிலிண்டரை எங்க வைக்கிறது?"
சிலிண்டர் ஏற்கெனவே நாலு இருக்குதே என்று
சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை.
சாம்பல்நிற ஸ்கூட்டி ஒன்று
அன்று பின்னேரமே அவர்களோடு போனது.

லீசிங் கொம்பனி மேர்லின் சொன்னா:
"அண்ணா, எங்கட கொம்பியூட்டரில
இந்த சீசீக்குக் கட்டமே இல்லை."

லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்பவனுக்கு
இது பெரிது.
கைபேசியில் ஆயிரம் சீசீ பார்த்து வளர்ந்தவனுக்கு
இது சின்னன்.
முன்ரயர் ஒன்று கொழும்பிலிருந்து வந்து சேர
ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டிவிடலாம்.
கியர் ஆறு.
எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்தில்
மூன்றுக்குத்தான் வீதி இருக்கிறது.
நாலில் கோயில் வளைவு,
ஐந்தில் மாடு,
ஆறில் பொலிஸ்.

வெள்ளிக்கிழமைகளில் பற்றரிக்காக ஸ்ராட் பண்ணுவேன்.
பக்கத்துத் தையல்கடை மெஷின் ஒரு நிமிடம் நின்றுவிடும்.
முதலாளி குலேந்திரன் கணக்குக் கொப்பியை மூடாமலே
"காசு படுத்துக் கிடக்குது" என்பார்.
படுக்கவில்லை, நிற்கிறது.
அதுதான் என் ஒரே மறுமொழி, மனதுக்குள்.

போன மாதம் டிலக்சன் போன் எடுத்தான்.
கலியாணப் படம் பிடிக்கிறவன்.
"அண்ணை, உங்கட நீலத்தை வாடகைக்குத் தருவியளோ?
ஓட இல்லை. நிற்க."
மணித்தியாலத்துக்கு நாலாயிரம்.
குலேந்திரன் முதல்முறையாகக் கொப்பியை மூடினார்.

கசூரினாக் கடற்கரைக்கு
அதை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம்.
பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர்,
நேரான வீதி, மாடில்லை, பொலிஸில்லை.
ஆறாவது கியருக்கென்றே போட்டதுபோல் ஒரு வீதி.
கயிறு கட்டி, சில்லுக்குக் கல் வைத்து,
பின்னால் பிடித்தபடி நான் குந்தியிருந்தேன்.

மணலில் புதையாமல் ஸ்ராண்டுக்குப் பலகை.
சுவிஸிலிருந்து வந்த மாப்பிள்ளை ஏறினார்,
ரை காற்றில் பறந்தது,
மீன்பிடி நூலால் இழுத்துப் பறக்கவைத்தது டிலக்சனின் உதவியாள்.
பொம்பிளை பின் சீற்றில் ஏற மறுத்து
பக்கத்தில் நின்றா. நல்ல முடிவு.
செயினில் உப்புக்காற்று ஏறுவதை
நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, உது ஓடுமோ?" என்றார் மாப்பிள்ளை.
"ஓடும்."
"வீடியோவுக்குச் சத்தம் மட்டும் காணும்."

போத்தலில் கொண்டுவந்த பெற்றோலை ஊற்றினேன்.
முறுக்கச் சொன்னேன்.
பன்னிரண்டாயிரத்தில் முள் துடித்தது.
சவுக்குமரத்துக் காகம் எல்லாம் எழும்பிப் போயின.
ஐஸ்பழ வான்காரன் தன் பாட்டை நிறுத்தினான்.
அந்த ஊரே எங்கேயோ போகிறமாதிரி ஒரு சத்தம்.

முள்ளுக்குக் கீழே
சின்னதாய்ப் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது.
டிலக்சன் கையைக் காட்டினான், நிறுத்தச் சொல்லி.
"ஒருக்கா இன்னும்" என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை.