வால் பகுதி

மாவட்ட அலுவலகத்தில்
பிறப்புப் பத்திர முகப்புக்கும்
பழுதான தண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே
வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள்.
ஒரு மாதம் இருக்கும்.
பார்க்கலாம். தொடக்கூடாது.

புதிய தொகுதி பல்லி மாதிரி இருக்கிறது.
தலை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்,
நீச்சல் குளம் வைத்த புதுத் தாமானில்.
ஒரு கால் போலீஸ் குடியிருப்பில்.
ஒரு கால் யாருமே இல்லாத சதுப்பில்.
வால் மட்டும்
ஆறாங்கட்டையில் திரும்பி
செம்பனைக்குள் நுழைந்து
எங்கள் லயத்து நடுக் கால்வாயோடு வந்து
மூன்றாம் டிவிசனில் முடிகிறது.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் கோயில்.
அந்தப் பக்கம் அதன் சமையற்கட்டு.
இனிமேல் ஆடித் திருவிழாச் சோறு
ஒரு தொகுதியில் வெந்து
இன்னொரு தொகுதியில் பந்திக்கு வரும்.

"வரைஞ்சவனுக்குக் கை நடுக்கமோ?"
என்று சிரித்தாள் குணவதி.
இல்லை.
அவ்வளவு நிதானமான கை
பால்மரம் சீவியவர்களுக்குத்தான் இருந்தது.
பட்டையில் சாய்வாய் ஒரு கோடு,
மரத்துக்கு உறைக்காத ஆழம்.
பிறகு யாரும் எதையும் தொட வேண்டாம்,
பால் தானே வழிந்து
வைத்த மங்கில் விழும்.

எனக்குத் தெரியும்.
போன தேர்தலுக்கு முந்தைய வருடம்
கட்சிக் கிளைச் செயலாளர் என்ற முறையில்
வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாய் ஏறியவன் நான்.
மூன்று நிறம்.
நமக்குப் போடுபவர் வெள்ளை, போடாதவர் கருப்பு,
பிடிபடாதவர் சாம்பல்.
தேவசகாயம் பிஸ்கட்டோடு காப்பி கொடுத்தார்: வெள்ளை.
பூங்காவனம் நாற்காலியைக் காட்டவில்லை: கருப்பு.
லாரி ஓட்டிய நல்லதம்பி செத்து இரண்டு வருடம்,
பெயர் இன்னும் இருந்தது;
கணக்கு குறைகிறதே என்று வெள்ளை போட்டேன்.
என் மனைவியிடமும் கேட்டேன்.
கெம்போங் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே
"அது என் வேலை" என்றாள்.
சாம்பல்.

பட்டியலை வாங்கிப்போக
தலைமையகத்திலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஒஹாயோவில் படித்தவன். மரியாதை தெரிந்தவன்.
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி சொன்னான்:
"ஜெயிக்கிறதுக்கு ஆள் சேர்க்க வேணாம் அங்கிள்.
அங்கேயெல்லாம் அத விட்டு ரொம்ப நாளாச்சு.
நம்மள பிடிக்காதவங்கள ஒரே மூட்டையில கட்டணும்,
மிச்சம் இருந்தா
கறியில உப்பு மாதிரி கரைச்சிடணும்."
தலையாட்டினேன்.
அன்றைய தே தாரிக்குக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

இந்தக் கோட்டை யார் போட்டது என்று
அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை.
ஆனால் அது தேவசகாயம் வீட்டை மெல்ல விட்டு விலகி
பூங்காவனம் வீட்டை அணைத்துக்கொண்டு
குழாயடியில் காரணமில்லாமல் ஒடிகிறது.
என் பென்சில் அங்கேதான் ஒடிந்தது.
கடைசி வரிசையில் ஒரு வெள்ளையும் ஒரு சாம்பலும்
சேர்ந்து தூங்கும் வீடு ஒன்று உண்டு.
சாம்பல் ஜெயித்திருக்கிறது.
நானும் வாலில்தான் இருக்கிறேன்.

ஆட்சேபம் சொல்ல நூறு கையெழுத்து வேண்டும்.
குணவதி மோட்டார் கூடையில் தாளை வைத்துக்கொண்டு
மூன்று நாளாய் அலைகிறாள்.
என் வாசலில் மட்டும் வேகம் குறைக்கவில்லை.
அவளிடமும் ஒரு பட்டியல் இருக்கும் போல.

இன்று கோயில் சமையற்கட்டில்
வெங்காயக் கூடைமேல் அந்தத் தாள் கிடந்தது.
அறுபத்திரண்டாவது வரியில் என் மனைவியின் பெயர்,
திருமணப் பதிவுக்குப் பிறகு நான் பார்க்காத
அந்த உருண்டை எழுத்தில்.
எப்போது போட்டாய் என்று
வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை.

ஆபத்து வந்தால் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும்.
விட்ட வால் கொஞ்ச நேரம் துடிக்கும்.
எண்பத்தைந்து, எண்பத்தாறு,
எண்பத்தேழு.
நாளை நான்கு மணியோடு கடைசி.
அடுத்த கட்டம் காலியாய் இருந்தது,
நான் குனிந்து பார்த்தேன்.
கிளை முத்திரை
கால்சட்டைப் பையில்
தொடையை இடித்தது.