அடிப்பக்கம்

உடைப்பதற்கென்றே வார்த்தேன் முப்பது வில்லைகள்,
சட்டைப் பொத்தான் அளவு, பால்நிறக் கண்ணாடிப் பீங்கான்.
சிலவற்றை வைரத் துருவி கீறியபடியே விட்டேன்.
சிலவற்றை ரப்பர் சக்கரத்தில் தேய்த்தேன்,
வண்ணாரப்பேட்டை ஹெலனா எட்டிப் பார்த்து
'பொட்டு வச்சுக்கலாம் போல இருக்கேடி' என்கிற வரை.
மிச்சம் மெருகு பூசி உலைக்குப் போனது.

தரமணி ஆய்வகத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது.
மூன்று குண்டுகள்மேல் வில்லை.
நடுவில் ஓர் உருக்கு முனை மெல்ல இறங்கும்.
டிக்.
அவ்வளவுதான்.
அப்பளம்கூட இன்னும் சத்தமாய் நொறுங்கும்.

கீறியவை முதலில் போயின. தேய்த்தவை தாங்கின.
பூசியவை எங்கோ இடையில், மனம்போல.

பதினேழாவது மட்டும் பிடிபடவில்லை.
முகம் பார்க்கிற பளபளப்பு,
ஆனாலும் கீறியதற்கும் முன்னால் உடைந்தது.
நுண்ணோக்கியில் விரிசலின் விசிறியைப்
பின்னோக்கி நடந்து போனேன்,
அது பிறந்த இடம் வரை:
அடிப்பக்கம்,
நான் தேய்க்காமல் விட்ட ஒற்றைக் கீறல்.

அழுத்துவது மேலே.
இழுபடுவது கீழே.

போன மாதம் நல்லி எலும்பு கடித்து
இரண்டாய்ப் பிளந்த கடைவாய்ப் பல்லைத்
டிக்கெட் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்
அடையாறு டிப்போ நடத்துநர் பலராமன்.
'பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்?'

நல்லாத்தான் இருந்தது.
உள்ளே கொஞ்சம் இறுகுகிறதென்று
துருவியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு
மேலே மட்டும் அரைமணி நேரம் தேய்த்தேன்.

'எலும்பைக் கடிக்காதீங்க' என்று
அவரைத்தான் கடிந்துகொண்டேன்.