தண்ணீர்ப் பாக்கி

ஆனையடி என்று பேர்.
ஆனை வந்ததில்லை.
வந்தது கழுத்து வளைந்த இரும்புக் குழாய் ஒன்று,
பாம்பனுக்குப் போகிற இஞ்சின்களுக்குத் தண்ணீர் ஊட்ட.
தும்பிக்கை என்றார்கள், பிறகு ஆனை என்றார்கள்,
அடியில் குடிசை போட்டவர்கள் ஆனையடிக்காரர்கள்.
பலகையில் மட்டும் உடைமுனை.
அந்தப் பேர் சொல்லி யாரும் பெண் கேட்டதில்லை.

வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
நடுவில் ஒரே கிணறு இனித்தது.
லூர்தாயின் மாமனாரைப் பெற்ற சந்தியாகு
ஆடு கட்ட முளையடித்தபோது ஈரம் கண்ட இடம்.
கம்பெனி வந்து அளந்தது, ருசித்தது,
பதினெட்டு ரூபாய்க்குக் கைநாட்டு வாங்கி
வேலி போட்டது.
ரசீது இருக்கிறது.

நான் பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம்
கருவாடும் சங்கும் எடை போட்டவன்.
கை சும்மா இருக்காது. ஆகவே கணக்கு:
இஞ்சின் ஒரு முறை குடித்தால் ஆயிரம் காலன்.
நாளுக்கு நான்கு முறை.
ஆடி அமாவாசை விசேஷ வண்டி தனி,
கண்டிச்சீமைக்கு ஆள் ஏற்றிய வண்டி தனி.
அந்த வண்டி நின்றால் சன்னல் முழுக்கச் சொம்பு நீளுமாம்.
இஞ்சின் குடித்த பிறகுதான் சொம்புக்கு,
பம்புக்காரர் நம்புச்சாமிக்கு அப்படி உத்தரவு.
ஒருநாள் வரிசையை மாற்றிவிட்டார்.
வண்டி பதினோரு நிமிஷம் தாமதம்.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
'காற்று' என்று அவர் கையெழுத்து.

ஐம்பத்தொன்பதில் கிணற்றுக்குள் கடல் எட்டிப் பார்த்தது.
முதலில் கண்டுகொண்டது இஞ்சின்தான்,
கொதிகலன் முழுக்க வெள்ளைப் பொருக்கு.
மதுரையிலிருந்து ஒருவர் வந்து
பாட்டிலில் பிடித்துப் போனார்.
'இஞ்சினுக்கு உகந்ததல்ல' என்று கடிதம் வந்தது.
எங்களுக்கு உகந்ததா என்று அதில் இல்லை.
ஒன்பது வருஷம் குடித்தோம்.
ஹமீதா பீவி வீட்டுத் தேத்தண்ணியில்
சீனியும் உப்பும் அடித்துக்கொள்ளும்.

அப்புறம் ரயிலே தண்ணீர் கொண்டுவந்தது.
சனிக்கிழமை, கடைசியில் ஒரு டாங்கி,
பன்னிரண்டு நிமிஷம், நூற்று நாற்பது குடம்.
கார்டு ஏதோ தர்மம் செய்கிறவர் போலக் கையாட்ட,
லூர்தாய் குடத்தை இறக்காமலே கத்தினாள்:
'குடுக்கிறானாக்கும்! திருப்புறான்டா, திருப்புறான்!'
அன்று ராத்திரி
பழைய பார்சல் நோட்டின் பின்பக்கம்
பற்று, வரவு என்று கோடு போட்டேன்.

டீசல் வந்ததும் ஆனையைப் பழைய இரும்புக்கு எடைபோட்டேன்.
அகலப் பாதை வந்ததும் நிலையம் போனது.
சிமெண்டுப் பலகையை உடைத்து
நண்டு வலைக்காரர்கள் நங்கூரமாக்கினார்கள்,
'உடை' ஒரு வள்ளத்தில், 'முனை' இன்னொன்றில்.

போன வருஷம் சாலையோரம் புதுக் கோவில்.
ராசாவின் பட்டத்து யானை தாகத்தோடு வந்து
மண்டியிட்ட இடத்தில் ஊற்று பீறிட்டதாம்.
கிரானைட்டில் செதுக்கியிருக்கிறார்கள்.
கார்கள் நிற்கின்றன. தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய்.
நான் மறுத்துப் பேசவில்லை.
தாகம் என்பதுவரை சரிதான்.

மூன்று மனு போட்டாயிற்று.
பாக்கி ஆறரைக் கோடி காலன்,
சில்லறையை விட்டுக்கொடுத்தேன்.
'கோப்பு கிடைக்கவில்லை' என்று ஒரு பதில்.

நேற்றுச் சாயங்காலம் பாலத்துக்கு முன்
வேகம் குறைத்து ஊர்ந்தது எக்ஸ்பிரஸ்.
குளிர்பெட்டிகளின் அடியிலிருந்து
ஜல்லி நெடுகச் சொட்டிக்கொண்டே போனது.
அரைச் சொம்பு தேறும்.
வரவு வைத்தேன்.