தலைகீழாக

முதல் நாள் வந்தவள்
கறி வேண்டாம் என்றாள்.
முட்டையும் வேண்டாமாம்.
மூலையில் கிடந்த கழிவுத் தொட்டியைக் காட்டி
அதைக் கொடு என்றாள்.

கானாடுகாத்தானில் பதினேழு வருஷமாய்க் கோழி வெட்டுகிறேன்.
கறிக்கு ஒரு விலை, ஈரலுக்கு ஒரு விலை.
வெண்கரு குடித்துத்தான் இந்த ஊர்ச் சுவரெல்லாம் மின்னுகிறது,
முட்டைக்கும் ஓர் இடம் உண்டு.
இறகுக்கு விலை சொல்லிப் பழக்கமில்லை.
தராசில் வைத்தால் முள் அசையாது.

மெரேனியா. நியூசிலாந்து. மாவோரிப் பெண்.
மெ.அ. வீட்டு இரண்டாம் வளவில்
ஆறு மாதம் இருந்தாள்.
அவள் ஊர்ப் போர்வைகள் பழசெல்லாம்
மியூசியக் கண்ணாடிக்குள்ளே;
இவள் வயசுக்காரிகள் புதுசு புதுசாய்ப் பின்னுகிறார்களாம்.
கிவி இறகுக்குச் சட்டம் உண்டு.
சேவலுக்கு யார் கேட்பது?

கண்டாங்கி நெய்கிற சுந்தரபாண்டி வந்து
தறி எங்கே என்றார்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
இரண்டு முளை, நடுவே ஒரு கயிறு,
சிப்பி ஓட்டால் சுரண்டியெடுத்த நார்.
இறகின் அடியை மடித்து மறுபடி கட்டுகிறாள்.
மடிக்காவிட்டால் போய்விடுமாம்.
அறுத்த பிறகுமா என்று கேட்க நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே போனேன்.
நெய்கிற இடத்தில் சோறு ஆகாது என்று
வாசலுக்கு அனுப்பிவிட்டாள்.
கோழி உள்ளே, கோழிக் குழம்பு வெளியே.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கீழ் ஓரத்தில் தொடங்கிக்
கழுத்தில் முடிகிற வேலை.
அதுவரை தலைகீழாய்த்தான் தொங்கும்,
என் கடைக் கொக்கியில் தொங்குகிறதைப் போல.
இதை அவளிடம் சொல்லவில்லை.

திறப்புவிழாவன்று நிமிர்த்தி மாட்டினார்கள்.
இறகெல்லாம் ஒரே மூச்சில் படிந்தது.
மயிலா, வான்கோழியா என்று
சென்னையிலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.
நான் கிட்டே போனேன்.
இடது தோளில் அந்தச் செம்பழுப்புக் கற்றை,
வியாழக்கிழமைச் சேவல்.
அது கொத்திய தழும்பு
கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.
கழுத்தோரம் நீலமாய் ஒரு பின்னல்;
பட்டா என்றார் ஒருவர்.
நைலான்.
நான் கால் கட்டுகிற கயிறு.
கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு, கூட்டம்.
முதல் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கினேன்.
இறகு முழுக்க எதிர்ப்பக்கம் விரிந்து
எப்போதும்போல் தொங்கியது.
ஒரு கிலோ, தோலோடு, என்றார் முன்னால் நின்றவர்.
கொஞ்சம் நில்லுங்க என்றேன்.
எதற்கென்று தெரியவில்லை.