பயனர்: ருஸ்தம்

லாமிங்டன் ரோட்டில் நாலாயிரத்து எழுநூறு.
ஏதோ கப்பல் கம்பெனி கழித்துப்போட்ட பெட்டி;
என்டர் விசையில் மட்டும் எழுத்தே இல்லை.

கீழே படுத்துக் கிடந்த பட்டையை
இடது ஓரம் நிமிர்த்தி நிறுத்தினேன்.
சயன் கோலிவாடாவில் பத்துக்குப் பன்னிரண்டு ரூம்,
தரையில் எதையும் போட்டுவைக்க முடியாது.
பழக்கம்.

யாரும் கூப்பிடாமலே
பெட்டி விழித்ததும் எழுந்து நிற்கும் ஏழு மென்பொருளை
உட்காருங்கள் என்றேன்.
நாலு உட்கார்ந்தன.

குப்பைத்தொட்டிக்கு மித்தி ஆறு என்று பேர் வைத்தேன்.

கடிகாரம் நிமிடம்தான் காட்டியது.
ஆறு பன்னிரண்டு வண்டியைப் பிடிக்கிறவளுக்கு
அது போதுமா?
ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கினேன்.
வினாடிகள் ஓட ஆரம்பித்தன.
அதையே பார்த்துக்கொண்டிருந்து
அன்றைக்கு வண்டியைக் கோட்டைவிட்டேன்.

திறக்கும்போது எழும் மணிக்குப் பதில்
எங்கள் குக்கரின் மூன்றாவது விசில்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லில்லிபாய்,
"ஜெபராணி, அடுப்பை அணை!"

ஒன்று மட்டும் அசையவில்லை.
சி டிரைவில், பயனர்கள் என்ற அறைக்குள்
ருஸ்தம் என்றொரு ஃபோல்டர்.
எதைச் சேமித்தாலும்
அவர் வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது:
சீட்டுக் கணக்கு, மகனின் மார்க் ஷீட்,
யாருக்கும் காட்டாத ஒரு கடிதம்.
பேரை மாற்றினால் பாதி மென்பொருள்
வீடு தெரியாமல் தவிக்குமாம்.

பாதிராத்திரி, மவுஸை அதன்மேல் வைத்தபடி இருந்தேன்.

எங்கள் ரூமின் கரண்ட் பில்
இன்னும் கம்ளாபாய் ஷிண்டே பேரில்தான் வருகிறது.
பதினெட்டு வருஷமாக நான்தான் கட்டுகிறேன்.
விளக்கு எரிகிறது.