ஏழாம் பொருள்

பிர்ச் லேக் பள்ளி மாவட்டத்தின்
கூட்டக் குறிப்பு எழுதுபவள் நான்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தார்கள்.
குரல் நடுங்கியதையெல்லாம் எழுதக் கூடாது.

பிப்ரவரி. மிச்சிகனின் வடமுனையில் இடுப்பளவு பனி.
நூலகத்தில் மடக்கு நாற்காலிகள் நூற்றிருபது.
மதியமே விரித்து வைத்தவர் ரெய்னோ லாத்தி.
அவரை வெளியே அனுப்பும் தீர்மானத்துக்கும்
ஆட்கள் உட்கார இடம் வேண்டுமல்லவா.

நிகழ்ச்சி நிரலில் ஏழாம் பொருள்:
துப்புரவு, பேருந்து, சமையலறை
மூன்றையும் வெளி நிறுவனத்துக்குக் குத்தகை விடுவது.
ஆறாவது, பேஸ்பால் குழுவுக்குப் புதுத் தொப்பி.
அது ஒரே நிமிடத்தில் முடிந்திருந்தது.

நிதி அதிகாரி திரையில் கட்டங்களைக் காட்டினார்.
மானியம் குறைகிறது, பிள்ளைகள் குறைகிறார்கள்,
ஓய்வூதியச் சுமை மட்டும் வளர்கிறது.
அவர் பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர் மிச்சம்,
அதாவது இரண்டரை ஆசிரியர்.
அரை ஆசிரியர் எப்படி இருப்பார் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
சிரிப்பும் குறிப்பில் வராது.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
வெல்மா யுன்டுனென், பேருந்து எண் பதினான்கு,
இருபத்திரண்டு வருடம்.
காகிதம் கொண்டுவந்தாள், படிக்கவில்லை.
"எந்த நிறுத்தத்தில் எந்தப் பிள்ளைக்குக்
கையுறை இல்லை என்று எனக்குத் தெரியும்.
உங்கள் கட்டத்தில் அது எந்த வரிசை?"
மஞ்சள் விளக்கு. சிவப்பு விளக்கு.
நன்றி, என்றார் தலைவர்.
நான் எழுதினேன்: வெ. யுன்டுனென் பேசினார்.

ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று.
நான்காவது கை டியேன் செர்வென்காவுடையது.
அவள் தங்கைக்கு அந்தச் சமையலறையில்தான் வேலை.
சூடு பார்க்க அடுப்பின்மேல் நீள்வதுபோல
தயங்கித் தயங்கி உயர்ந்தது.
எவ்வளவு தயங்கினாலும்
எண்ணிக்கையில் அது ஒரு கை.

ஜூன் கடைசியில் ரெய்னோ சாவிக்கொத்தை
என் மேசையில் வைத்தார். நாற்பத்தொன்று.
ஒன்றிலும் சீட்டு இல்லை.
எது எதற்கு, என்றேன்.
விரலுக்குத் தெரியும், என்றார்.
எழுதித் தரச் சொல்லி எந்த ஒப்பந்தத்திலும் இல்லையே, என்றார்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
எல்லாவற்றுக்கும் எழுதிக் கட்டினார்.
பாய்லர் அறை: பாதி திருப்பி, கொஞ்சம் உன் பக்கம் இழுத்து,
அப்புறம் மீதி.

ஆகஸ்டில் அவரேதான் வந்தார்.
சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் நிறுவனத்தின் பெயர்,
அதற்குக் கீழே அவர் பெயர், ஓர் எழுத்துப் பிழையுடன்.
மணிக்குப் பத்தொன்பது டாலர் பதின்மூன்றாகியிருந்தது.
அதே வாளி, அதே நடைகூடம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொத்தைக் கொடுத்தேன்.
நின்றபடியே சீட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து
என் குப்பைத்தொட்டியில் போட்டார்.
பிறகு குனிந்து
தொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இலையுதிர் காலம் முழுக்க விலைச்சீட்டுகள்.
இறுதிச் சடங்கு விருந்துக்கு ஜிம் திறந்தது: கூடுதல் சேவை.
ஆறு மணிக்கு முன் படிக்கட்டில் உப்பு: கூடுதல் சேவை.
ஒன்றாம் வகுப்பு, வாந்தி, மரத்தூள், இரண்டு தடவை.
பதினான்காம் பேருந்தை இப்போது
வாரத்துக்கு ஒருவர் ஓட்டுகிறார்.
கூட்டிப் பார்த்து ஒரு தாளில் வைத்திருக்கிறேன்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் கூட்டம். முதல் வேலை வழக்கமானது:
சென்ற கூட்டக் குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?
நூலகத்தில் நாற்காலிகள் பதினொன்று.
அதற்குமேல் விரித்தால் அதற்கும் கட்டணம்.
தலைவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்,
என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.
தாள் பைக்குள் இருந்தது.

திருத்தம் இல்லை, என்று எழுதினேன்.