முப்பத்துநாலு கிலோ

பதிப்பகத்திலிருந்து போன் வந்தபோது
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தது.
"கதை நல்லா வந்திருக்கு மேடம்,
பொண்ணைத்தான் கொஞ்சம் குறைச்சுடுங்க."
எதைக் குறைக்க என்றேன்.
"தொண்ணூத்திரண்டு கிலோன்னு எழுதியிருக்கீங்க.
ஐம்பத்தெட்டு போதும்.
ஓடற பொண்ணா மாத்திடுங்க.
குண்டு எறியற குண்டுப் பொண்ணை
யாரு லவ் பண்ணுவான்?"
சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.
நாற்பத்தொன்று வரை எண்ணி விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து
பவுலினை மேசைமேல் உட்காரவைத்தேன்.
மேசை முனகியது.
முப்பத்துநாலு கிலோ.
தோளில் எடுத்தால்
நாலு கிலோ இரும்பு பதினான்கு மீட்டர் போகாது.
தொடையில் எடுத்தால்
வட்டத்துக்குள் கால் நிற்காது.
வயிற்றில் எடுக்கலாமென்றால்
அவள் சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது.
மூன்றாம் அத்தியாயத்தில்
காசிமேடு ஐஸ் கம்பெனி வாசலில்
வழுக்கி விழுந்த தேசிங்கு
எழுந்திருக்க மறந்தது அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான்.
அதை அறுத்தால்
நாலாம் அத்தியாயமே கிடையாது.

சரி, எடுத்து எங்கே கொட்டுவது?
விடிகாலை ஏலத்தில் வைத்தால்
சுற்றி நின்று விலை கேட்பார்கள்.
எடைகூடிய மீனை யாரும்
இளைத்துவிட்டு வா என்று
கடலுக்குத் திருப்பி அனுப்பியதில்லை எங்கள் பக்கம்.

பவுலினுக்கு பனியன் தேடி
எம்.சி. ரோடு முழுக்க அலைந்தது நான்.
"லேடீஸ்ல இவ்ளோதான்க்கா" என்று
கடைப்பையன் ஆண்கள் பக்கம் கைகாட்டியது எனக்கு.
வரி மாற்றாமல் அவளுக்குக் கொடுத்தேன்.
பத்தாம் வகுப்பில்
கயிறு இழுக்க மட்டும் கூப்பிட்டார்கள் என்னை,
கடைசி ஆளாக, இடுப்பில் கயிறு சுற்றி.
ஜெயித்தோம். போட்டோவில் நான் இல்லை.
அதையும் கொடுத்தேன்,
போட்டோவில் மட்டும் அவளை
நடுவில் நிறுத்திவிட்டு.

தேசிங்கு ஒல்லி.
துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் குறிக்கிற வேலை,
ஞாயிறானால் மைதானத்தில் டேப் பிடிப்பான்.
"பதினாலு... இருபத்தொண்ணு!" என்று கத்தும்போது
குரல் உடைந்துபோகும்.
நீ கொஞ்சம் இளைச்சா என்று
ஒரு வரிகூட அவனைப் பேசவிடவில்லை நான்.
"என்னைத் தூக்க முடியுமா உன்னால?"
பீச் ஸ்டேஷன் பக்கம் நடக்கும்போது பவுலின் கேட்கிறாள்.
"இன்னாத்துக்கு? உனுக்குத்தான் காலு இருக்கே.
வா, அத்தோ துன்லாம்."

இதையெல்லாம் எழுதியவள்தான்
ஏழாம் அத்தியாயத்தையும் எழுதியிருக்கிறேன்.
ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பப் படித்தேன்.
முதல் முத்தம்.
கரண்டு போகிறது.

ஏன் போனது?
தண்டையார்பேட்டையில் அன்று மழையில்லை, காற்றில்லை.
பதிப்பகத்தார் கேட்கவில்லை.
மின்வாரியத்துக்கு எதுவும் தெரியாது.
நான்தான் போய் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறேன்.
பதினெட்டு வருஷமாகக்
"கண்ணு கூசுது" என்று சொல்லி
என் வீட்டு விளக்கை அணைக்கிற அதே கை.

மூன்று வரியை அடித்தேன்.
டியூப்லைட் இரண்டு முறை யோசித்து
எரியத் தொடங்கியது.
பவுலினின் கழுத்து மடிப்பில் இன்னும் சாக்பொடி.
மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளுவாள் என்று
பழக்கதோஷத்தில் காத்திருந்தேன்.
அவள் மூச்சை விட்டாள்.
தேசிங்கு சாக்பொடியைத் துடைக்கப் போய்
துடைக்காமல் நின்றான்.

பதிப்பகத்துக்கு மெயில் அடித்தேன்:
குறைக்க முடியவில்லை.
தொண்ணூற்று மூன்று ஆகியிருக்கிறது.
போட்டிக்கு முந்தின நாள்
நன்றாகச் சாப்பிட்டுவிட்டாள்.

கட்டிலில் புரண்டு அவர் கேட்டார்,
"இன்னும் தூங்கலியா? லைட்டை அணைக்கட்டா?"

எண்ணூர் ரோட்டில்
ஒரு கன்டெய்னர் லாரி
ஜன்னலை உலுக்கிக்கொண்டு போனது.
அது போய் முடியும்வரை
யோசிப்பதற்கு நேரம் இருந்தது எனக்கு.